குட்டி இங்கிலாந்தில் ஒரு நாள்: நூரளையைக் கட்டியது யார்?

 

சுற்றுலாப் புத்தகங்கள் நுவரெலியாவை 'குட்டி இங்கிலாந்து' என்கின்றன. நம் தோட்டத்துப் பெரியவர்கள் அதே ஊரை 'நூரளை' என்பார்கள். இரண்டும் ஒரே ஊர்தான், ஆனால் வரலாறு இரண்டு. முதலாவது பலகைகளிலும் கல்லறைகளிலும் எழுதியிருக்கிறது. இரண்டாவதை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடத்தான் போன விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரிய நண்பர்கள் ஹட்டனில் இருந்து ஒரு நாள் பயணம் போனோம். எங்களில் ஒருவர் கணிதம், ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் சிங்களம், ஒருவர் வரலாறு படிப்பிப்பவர். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பஸ்ஸில் போகாமல் கோச்சியில்தான் போனோம். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி. ரயில் பாதை 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1884 இல் ஹட்டனுக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. நம்மை ஏற்றிச் செல்வதற்காகப் போட்ட பாதை அல்ல இது. மலையில் விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவும், தோட்டங்களுக்கு அரிசியையும் ஆட்களையும் ஏற்றவும் போட்டது. ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் 'ஓ' என்று கத்துவார்களே, அந்தச் சுரங்கம்தான். இயந்திர வசதி குறைந்த அந்தக் காலத்தில் அந்தப் பாறையைக் குடைந்தது பெரும்பாலும் தென்னிந்தியாவில் இருந்து வந்த கூலியாட்களின் கைகள்.

ஜன்னலால் பார்த்தபடி தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனோம். எடின்பரோ, கிளாஸ்கோ, பெல்மோரல், ஹொலிரூட், சமர்செட் என்று நம் பகுதி முழுக்க சீமைப் பெயர்கள். பூண்டுலோயாப் பக்கம் டன்சினன் இருக்கிறது. அது ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் ஒரு மலையின் பெயர். நம் ஹட்டனின் பெயரே ஸ்கொட்லாந்தில் அபர்டீன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் என்பார்கள். நானுஓயாவில் இறங்கி டவுனுக்குப் போகும் வழியில் பிளக்பூல் வருகிறது. இங்கிலாந்தில் அது கடற்கரை ஊர், இங்கே கடலே இல்லாத மலை.

இந்தப் பெயர்களைக் கேலி செய்யத் தேவையில்லை. ஊரைப் பிரிந்து வந்த மனுஷனுக்கு ஊர் ஞாபகம் வரத்தான் செய்யும். துரைமாருக்கும் வந்தது. திருச்சியில் இருந்தும் மதுரையில் இருந்தும் சேலத்தில் இருந்தும் புதுக்கோட்டையில் இருந்தும் வந்த நம் முன்னோருக்கும் அதே ஞாபகம் வந்தது. துரைக்கு வரைபடத்தில் பெயர் எழுதும் அதிகாரம் இருந்தது, தொழிலாளிக்கு இல்லை. அவர்கள் மலைக்கும் ஓடைக்கும் கோயிலடிக்கும் வைத்த பெயர்கள் வாயோடு வாயாகவே வாழ்கின்றன. வாய் ஓய்ந்தால் அந்தப் பெயரும் போய்விடும்.

சரி, நூரளைக்கு வருவோம். 1815 இல் கண்டி இராச்சியம் வெள்ளையர் கைக்குப் போனது. 1819 இல் ஜோன் டேவி என்ற வைத்தியர் இந்தச் சமவெளியைப் பார்த்து அதன் குளிரைப் பற்றி எழுதினார். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர். இதைச் சொன்னதும் எங்கள் விஞ்ஞான ஆசிரியருக்குச் சந்தோஷம். தாழ்நிலத்தில் காய்ச்சலால் செத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குக் குளிர்ச்சியான ஓர் இடம் தேவைப்பட்டது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊர் அதற்குப் பொருந்தியது. 1829 இல் இங்கே படையினருக்கான ஆரோக்கிய இல்லம் திறக்கப்பட்டது.

அப்போதைய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், நெப்போலியனுக்கு எதிராக வாட்டர்லூவில் சண்டை போட்டவர். அவர் தனக்காகக் கட்டிய மாளிகைதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம். புல்வெளியைத் தாண்டி நின்று அதைப் பார்த்தோம். பார்ன்ஸ் ஆளுநர் மட்டுமல்ல, கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டமும் போட்டவர். கோப்பிக்கு வரிச்சலுகை கொடுத்ததும் அவர் ஆட்சிதான். சட்டம் போடுகிறவரும் தோட்டக்காரரும் ஒரே ஆள் என்றால் கூலியாளின் வழக்கை யாரிடம் சொல்வது? மலையகத்தின் அடுத்த நூறு வருஷத்துக் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதற்குக் கொஞ்சம் முன்னர், 1823 இல், கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அதற்குத்தான் தென்னிந்தியாவில் இருந்து முதல் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டதாகக் கணக்கு. 2023 இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்து 'மலையகம் 200' என்று நம்மவர்கள் நினைவுகூர்ந்தது அந்த ஆண்டை வைத்துத்தான்.

நூரளையை உண்மையான ஆங்கிலக் கிராமமாக ஆக்கப் பார்த்தவர் சாமுவேல் பேக்கர். காய்ச்சலில் இருந்து தேற இங்கே வந்தவர், ஊர் பிடித்துப்போய், 1848 இல் லண்டனில் இருந்து ஒரு கப்பலில் ஆட்கள், மாடு, ஆடு, குதிரை, வேட்டை நாய், ஏர், விதை எல்லாவற்றையும் ஏற்றி வந்தார். வந்த கதை சிரிப்பும் பாவமும் கலந்தது. புதுக் குதிரை வண்டியை வழியிலேயே பள்ளத்தில் விழுத்தினான் அவருடைய குதிரைக்காரன். அதைத் தூக்க அனுப்பிய யானையை அவனே ஓட ஓட விரட்டி, களைப்பில் அதுவும் செத்தது. நட்ட உருளைக்கிழங்கைப் புழு தின்றது. சீமை மாடுகள் பல தாக்குப்பிடிக்கவில்லை. இருந்தாலும் விடாமல் ஒரு பண்ணையை உண்டாக்கினார். 1855 இல் இலங்கையை விட்டுப் போனவர், பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் அல்பர்ட் ஏரியை உலகுக்குச் சொன்னவராகப் புகழ்பெற்றார். இன்று நூரளைச் சந்தையில் குவிந்திருக்கும் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட்டைப் பார்க்கும்போது அவர் முயற்சி வீண் போகவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்த மரக்கறிப் பாத்திகளில் இன்று குனிந்து நிற்பவர்களில் பலர் நம் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்.

கோல்ஃப் மைதானப் பக்கம் ஒரு பழைய மயானம் இருக்கிறது. அங்கே மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் கல்லறை. அரசாங்க அதிகாரி, வீதி போட்டவர், யானை வேட்டைக்காரர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் கல்லறையையும் பிறகு இடி தாக்கியது என்று ஊரில் ஒரு கதை. கதை எப்படியோ போகட்டும். யானை சுட்டவருக்கு 180 வருஷம் கழித்தும் பெயரோடு ஒரு கல் இருக்கிறது. அவர் காலத்தில் இந்த மலை வீதிகளில் கல் உடைத்து, காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் விழுந்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

பிறகு வரிசையாக மற்ற இடங்களைப் பார்த்தோம். கிரகரி வாவி, சதுப்பு நிலத்தை மறித்து ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873 இல் உண்டாக்கியது. ஹில் கிளப், 1876. கோல்ஃப் கிளப், 1889. சிவப்புச் செங்கல் தபால் நிலையம், 1894. விக்டோரியா பூங்கா, மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த 1897 இல் அவர் பெயரைப் பெற்றது. கொஞ்சம் தள்ளி ஹக்கல பூங்கா. அது 1861 இல் பூவுக்காகத் தொடங்கியது அல்ல. மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரத்தை வளர்க்கத் தொடங்கியது.

ஹில் கிளப்பில் இன்றும் இரவுச் சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் வேண்டும். எங்களிடம் டையும் இல்லை, இரவு வரை நிற்கும் எண்ணமும் இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். ஒரு காலத்தில் அந்த வாசலைத் தாண்ட டை மட்டும் போதாது, தோலும் வெள்ளையாக இருக்கவேண்டும். சுதந்திரம் கிடைத்துப் பல வருஷம் போன பிறகுதான் இலங்கையருக்கு அங்கே அங்கத்துவம் கிடைத்தது. குட்டி இங்கிலாந்து என்ற பெயரின் அர்த்தம் இதுதான். கூரையும் புகைபோக்கியும் மட்டுமல்ல, யார் உள்ளே, யார் வெளியே என்ற கோடும் அங்கிருந்து வந்தது.

உள்ளே இருந்தவர்கள் குளிர் காய்வதற்கு விறகு வெட்டியது யார்? 1869 இல் கோப்பியை நோய் தாக்கியது. சில வருஷங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியது மலை முழுக்கப் பரவியது. இதில் ஒரு வித்தியாசத்தை மாணவர்கள் கவனிக்கவேண்டும். கோப்பிக்குப் பறிக்கும் பருவத்தில்தான் நிறைய ஆட்கள் தேவை. ஆட்கள் வருவார்கள், பருவம் முடிந்து ஊருக்குத் திரும்புவார்கள். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக இங்கேயே தங்கவேண்டி வந்தது. 10க்கு 12 அடி லயக் காம்பிரா நிரந்தர வீடானது. கங்காணியிடம் வாங்கிய கடன் 'துண்டு' என்ற தாளில் எழுதப்பட்டு, ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு ஆளாகப் போனது. அந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. கிராண்ட் ஹோட்டல் புல்வெளியையும் பீட்ரு தோட்டத்து லயத்தையும் ஒரே நாளில் பார்த்தால் ஒன்று இல்லாமல் மற்றது இல்லை என்பது விளங்கும்.

பகல் லுஹர் தொழுகைக்கு டவுன் பள்ளிவாசலுக்குப் போனோம். மற்ற நண்பர்கள் வெளியே காத்திருந்தார்கள். அங்கே எழுந்த பேச்சையும் சொல்லவேண்டும், ஏனென்றால் 'முஸ்லிம்கள் இங்கே எப்போது வந்தார்கள்?' என்று பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்பார்கள். ரயிலுக்கும் கார் வீதிக்கும் முன்னரே, கண்டி இராச்சியக் காலத்தில், தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டி உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். வெள்ளையர் படையில் மலாய்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1873 இல் அந்த ரைபிள் படை கலைக்கப்பட்டபோது பலர் மலைநாட்டு நகரங்களில் தங்கி, பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் இருந்தும் வியாபாரிகள் வந்து தோட்ட டவுன்களில் கடை போட்டார்கள். சம்பள நாள் வரை கடன் கொடுத்த கடைகளும் உண்டு. கூடுதலாக எழுதிக்கொண்ட கணக்குகளும் உண்டு. வரலாற்றை எழுதினால் இரண்டையும் எழுதவேண்டும்.

இனி வருவதுதான் எங்களை அதிகம் பேசவைத்த பகுதி. 1947 பொதுத்தேர்தலில் இந்த நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். தலவாக்கலையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, மலையகத்தின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய எழுத்தாளர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் 7 ஆசனங்களை வென்றது. குட்டி இங்கிலாந்துக்குத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். ஒரே வருஷம்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. அதே சட்டத்தால் இந்தியாவில் இருந்து வந்த முஸ்லிம் வியாபாரக் குடும்பங்களும் தவித்தன. தொழிலாளியும் கடைக்காரரும் ஒரே வரிசையில் விண்ணப்பப் பத்திரத்தோடு நின்ற காலம் அது. நம் இரண்டு சமூகமும் இதை ஒன்றாக ஞாபகம் வைத்திருக்கவேண்டும். தொண்டமான் மறுபடி நுவரெலியா மக்களின் வாக்கில் பாராளுமன்றம் போனது 1977 இல். நடுவில் 30 வருஷம்.

அந்த 30 வருஷத்துக்குள் வந்ததுதான் 1964 ஒக்டோபர் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கமும் எழுதிக்கொண்டன. அந்த மிச்சத்தை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் கணித ஆசிரியர் வாவிக்கரையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்குச் சரியாத்தான் இருக்கு சேர். ஆனா ஒரு குடும்பத்தில அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் போனது இதில எங்கயும் தெரியலயே."

மலைநாட்டு ஸ்டேஷன்களில் இருந்து தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. நாங்கள் காலையில் படம் எடுத்துக்கொண்டு வந்த அதே தண்டவாளம்தான்.

போனவர்கள் எங்கே போனார்கள்? பலர் நீலகிரிக்குப் போனார்கள். அங்கே உதகமண்டலம் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜோன் சலிவன் 1820களில் கல் பங்களா கட்டி, ஏரி வெட்டி உண்டாக்கிய ஊர். நூரளையில் பார்ன்ஸ் மாளிகை கட்டிய அதே காலம். அங்கும் ஏரி, அங்கும் பூங்கா, அங்கும் குதிரைப் பந்தயம், அங்கும் வெள்ளையருக்கான கிளப். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் தேயிலை பயிரிட்டது. டான்டீ என்பது அதுதான். நூரளை மலையில் கொழுந்து எடுத்த கை, உதகை மலையில் போய் மறுபடி கொழுந்து எடுத்தது. இங்கே 'இந்தியாக்காரன்' என்று சொன்னார்கள். அங்கே 'சிலோன்காரன்' என்று சொல்கிறார்கள். இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு முழுமையாகப் பிரஜாவுரிமை கிடைக்க வழிசெய்த சட்டம் வந்தது 2003 இல்.

திரும்பும் முன்னர் தபால் நிலையத்துக்கு முன்னால் நின்றோம். உண்மையிலேயே அழகான கட்டடம். 2023 இல் அதை ஹோட்டலுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தது சரி. பழைய கட்டடம் பொதுச் சொத்து. ஆனால் அந்த அழகான கட்டடத்தில் முத்திரை குத்தப்படும் கடிதம் நம் பிள்ளைகளின் கைக்கு எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளை நாங்கள் படிப்பித்திருக்கிறோம். தபால் நிலையத்தைக் காப்பாற்றக் கிளம்பிய நாடு, தபால் போய்ச் சேரும் வீட்டுக்கு ஓர் இலக்கம் கொடுக்கவும் கிளம்பவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஒன்று, பிள்ளைகளை நூரளைக்குக் கூட்டிப் போங்கள். படகில் ஏறட்டும், குதிரையில் ஏறட்டும், படம் எடுக்கட்டும். அதோடு ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் மூன்று கேள்வி கேட்கட்டும். இதைக் கட்டச் சொன்னது யார்? கட்டியது யார்? உள்ளே விடப்படாதது யார்? இந்த மூன்றுக்கும் பதில் தேடும் பிள்ளைக்கு வரலாறு தானாக வரும். ஆங்கிலேயர் மேல் கோபத்தை வளர்க்க இதைச் சொல்லவில்லை. அவர்கள் எழுதி வைத்தார்கள், அதனால் அவர்கள் கதை இருக்கிறது. நாமும் எழுதி வைக்கவேண்டும்.

இரண்டு, வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்துப் பிறப்புப் பதிவு, சம்பளச் சீட்டு, மண்டபம் முகாம் தாள், தமிழ்நாட்டில் இருந்து சொந்தக்காரர் போட்ட கடிதம், பழைய கடைக் கணக்குக் கொப்பி என்று எது இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். போனில் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா, உம்மும்மா, வாப்பப்பா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில் இருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தோம், யார் இந்தியாவுக்குப் போனார்கள், மலைக்கும் ஓடைக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒப்பாரிக் கோச்சியைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பத்து வருஷம் போனால் கேட்க ஆள் இருக்காது.

அடுத்த தவணையில் தரம் 10 மாணவர்களோடு இந்த வேலையைத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். தாள்களை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளமாட்டோம். படம் எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். பிள்ளையிடம் கொடுத்துவிடாமல் முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள். அந்தத் தாளின் கதையையும் உங்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.